சொல்லமாட்டன், அம்மா

1

எங்கள் அவசர அழைப்பு மையத்தில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு மூன்றாம் நாள் ஓர் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுவார்கள். நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. அதில் இரண்டு பேர் தமிழில் கதைக்கிறார்கள். ஒருவர் கிளிநொச்சி முரசுமோட்டைப் பக்கத்துக் கிழவி. மற்றது நான்.

பதிவோடு மொழிபெயர்ப்புத் தாள் ஒன்றும் கையில் கொடுப்பார்கள். வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்துச் செய்வித்தது. நல்ல மொழிபெயர்ப்புத்தான், குறை சொல்லமாட்டேன். கிழவி கடைசியாக ஒன்று கேட்பதும் நான் பதில் சொல்வதும் வருகிற இடத்தில் மட்டும் செய்த ஆள் களைத்துப்போனார் போல. "நோயாளி தயங்குகிறார். மேற்பார்வையாளர் ஆறுதல் கூறுகிறார்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். பயிற்சி நடத்துகிற பெண் அந்த வரியைப் பென்சிலால் தட்டி, "நம்பிக்கையை இவர் எப்படிக் கட்டியெழுப்புகிறார் என்று கவனியுங்கள்" என்பாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நான் கோப்பியைக் குடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த அழைப்புக்குச் சரியாக ஒரு வருசம் ஆன அன்றும் ஒரு வகுப்பு நடந்தது. புதிதாக வந்தவர்களில் ஒரு பெண் கையை உயர்த்தினாள். "இந்த இடத்தில் உண்மையாக என்ன சொன்னீர்கள்? குரல் மாறுகிறதே" என்றாள். கெட்டிக்காரி. நான், "தாளில் இருப்பதுதான்" என்றேன்.

அது பொய். மையத்தில் யாருக்கும் சொல்லாததை ஊரில் இருக்கிற உங்களுக்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

கனடாவில் நான் செய்கிற வேலையை ஊரில் விளங்கப்படுத்துவது பெரும் பாடு. அக்கா எங்கள் ஊர் வட்டக்கச்சி முழுக்க "தங்கச்சி பிளேன் விடுறா" என்று சொல்லி வைத்திருக்கிறா. நான் பிளேன் விடுவதில்லை. பிளேனைக் கண்ணால் காண்பதே குறைவு. எங்கள் அறைக்கு ஜன்னல் இல்லை. சுவர் முழுக்கக் கமராத் திரைகள். விமான நிலையத்துக்குள் ஆரும் மயங்கி விழுந்தாலோ, லிப்ட் இடைநடுவில் நின்றாலோ, எண்ணெய் சிந்தினாலோ, ஓடுபாதையில் நரி ஓடினாலோ அழைப்பு எங்களுக்குத்தான் வரும். தீயணைப்பு வண்டியா, அம்புலன்சா, பொலிசா, பனி வழிக்கிற வண்டியா என்று தீர்மானித்து நாங்கள் அனுப்புவோம். ஒரு நேரத்தில் ஆறு பேர் தலையில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு இருப்பார்கள். அந்த ஆறு பேருக்கும் மேற்பார்வை நான்.

இந்த வேலையில் எனக்குத் தெரிந்தது கணக்கில்லை. சொல்லப்பட்டதுதான் கணக்கு. ஒருமுறை ஆளில்லாமல் கிடந்த ஒரு பெட்டியைத் திரையில் பார்த்தேன். அட்டைப்பெட்டி, நீலக் கயிறு, நெடுக்கு மூன்று கட்டு, குறுக்கு மூன்று கட்டு, மேலே ஒரு கைபிடி முடிச்சு. உள்ளே மிளகாய்த்தூளும் கருவாடும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் நூறு பேரை வெளியேற்றி, நாயைக் கொண்டுவந்து மணக்க விட்டோம். நாய்க்குத் தும்மல் வந்தது.

வந்த புதிதில் பட்ட பாடு வேறு. வானொலியில் யாரும் கேள்வி கேட்டால் நான் தலையை ஆட்டுவேன். தலையாட்டல் வானொலியில் போகாது என்று இரண்டு பேர் மாறி மாறிச் சொல்லித் தந்தார்கள். எதற்கும் முதலில் "சொறி" என்று மன்னிப்புக் கேட்டுத் தொடங்குகிற பழக்கத்தை விட ஒரு வருசம் எடுத்தது.

ஆனால் கேட்கிற வேலை எனக்குப் புதிதில்லை. சண்டை நின்று சமாதானம் என்று சொன்ன அந்தச் சில வருசங்களில் கிளிநொச்சியில் ஒரு தொலைபேசிக் கடையில் வேலை செய்தேன். கொமினிக்கேசன் என்போம். வெளிநாட்டில் இருந்து ஆரும் எடுத்துப் பேரைச் சொல்லி வைப்பார்கள். நான் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுவிப்பேன். அவர்கள் குளித்து, நல்ல உடுப்பு உடுத்து வந்து, பலகைத் தடுப்புக்குள் நின்று கத்துவார்கள். "இஞ்ச எல்லாரும் சுகம். ஒரு பிரச்சினையுமில்லை. நீ சாப்பிட்டியோ?" வெளியே வந்து வாங்குப் பலகையில் இருந்து அழுவார்கள். புருசன் ஆசுபத்திரியில் கிடப்பான், மகன் வீட்டில் இல்லாமல் போயிருப்பான், வீடு ஒழுகும். தொலைவில் இருப்பவருக்கு ஒன்றும் சொல்வதில்லை. நெஞ்சுநோ என்றால் "வாயு". கான்சர் என்றால் "வயித்துக்குள்ள ஒரு கட்டி". இரண்டு வருசம் அந்தக் கடையில் இருந்ததில், எங்கள் சனம் "ஒண்டுமில்லை" என்றால் அதற்குள் எவ்வளவு இருக்கும் என்று எனக்கு ஓரளவு பிடிபட்டிருந்தது.

3

காலை பத்து மணி இருக்கும். கொழும்புக்குப் போகிற வழியில் வளைகுடாவில் மாறுகிற விமானம் அது. வாசல் பணியாளர் அழைத்தாள். சக்கர நாற்காலியில் ஒரு வயதான பெண், வியர்க்கிறது, நெஞ்சில் கை வைத்திருக்கிறார், ஆங்கிலம் தெரியாது. மகள் பாதுகாப்புச் சோதனை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாளாம். முதலுதவிக் குழு ஐந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. நாடி பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அவரோ கையை விசுக்கி விசுக்கி வேண்டாம் என்றார். நினைவு தெளிவாக இருக்கிற ஒருவர் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். மொழிபெயர்ப்பு இணைப்பில் தமிழுக்கு ஆள் வரத் தாமதம். நான் ஒலிவாங்கியை வாங்கி மாட்டினேன். குழுவின் தொலைபேசியை அவர் காதில் வைத்தார்கள்.

"அம்மா, வணக்கம். என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல புள்ள. வாயு. காலைல ரொட்டி தின்னது. இவங்கள வுட்டுறச் சொல்லு."

மலையகப் பேச்சு. எங்கள் பக்கம் நிறையப் பேர் அப்படி. தேயிலைத் தோட்டங்களில் கலவரம் வந்து அடித்துக் கலைத்தபோது வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அடுத்துக் கேட்க வேண்டிய கேள்விகள் எனக்கு முன்னால் திரையில் வரிசையாக இருந்தன. நான் அதில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்.

"அம்மா எவடம்?"

"முரசுமோட்டப் பக்கம். காலனி."

"நான் வட்டக்கச்சி."

திரையில் பார்த்தேன். அவர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"வட்டக்கச்சியா? யாரு வூட்டுப் புள்ள?"

"சங்கக்கடை மனேச்சற்றை இளைய மகள்."

"அடியாத்தி. ஒங்கப்பாரு கையால எத்தன வருசம் கூப்பன் அரிசி வாங்கியிருக்கேன். நெறைய அளப்பாரு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவரே சொன்னார். இரண்டு நாளாக நெஞ்சுக்குள் யாரோ ஏறிக் குந்தியிருக்கிற மாதிரி. இடது கை விறைக்கிறது. இரவு படுக்க முடியவில்லை, கதிரையில் இருந்தே விடிந்தது. மகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள்.

"வியாழக்கெழம காணிக் கச்சேரி, புள்ள. பத்திரம் குடுக்கக் கூப்புட்டு விசாரிக்கிறாங்க. நாப்பது வருசத்துக்கு மேல அந்தக் காணியில கெடக்கேன், ஒரு துண்டுக் கடுதாசி கெடையாது. இந்தத் தடவ என் பேரு லிஸ்ட்ல வந்திருக்கு. நேர்ல நின்னு கைநாட்டு வைக்கலேன்னா பேர வெட்டிருவாங்க. நீ நம்ம பக்கத்துப் புள்ள. அதான் ஒங்கிட்டச் சொல்றேன். இவங்களுக்குச் சொல்லாத. சொல்லமாட்டேன்னு சொல்லு."

"சொல்லமாட்டன், அம்மா."

இதுதான் மொழிபெயர்ப்புத் தாளில் ஆறுதல் என்று எழுதியிருக்கிற இடம்.

அந்த வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஊரில் ஒரு வயதான மனுசி அப்படிக் கேட்டால் வாய் தானாகச் சொல்லிவிடும். அடுத்த மூச்சில் குழுவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்: நெஞ்சுநோ, இரண்டு நாள், இடது கை விறைப்பு, படுக்க முடியவில்லை. ஒரு சொல்லும் விடவில்லை. அது விமான நிறுவனத்துக்கும் போனது. அவர்கள் ஏற்ற மறுத்தார்கள். பெட்டியை இறக்கினார்கள். இனி அவர் வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை.

கமராவில் சத்தம் வராது. மருத்துவப் பணியாளன் குனிந்து அவருடைய இடது கையைத் தொட்டதைப் பார்த்தேன். அதுவரை அவன் அந்தக் கையைத் தொடவேயில்லை. அவர் அவனைப் பார்க்கவில்லை. கையில் இருந்த தொலைபேசியைப் பார்த்தார். பிறகு அதை அவனிடம் நீட்டிவிட்டார்.

4

அனுப்புவதோடு எங்கள் வேலை முடிந்தது. ஆள் பிழைத்ததா இல்லையா என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள், கேட்கவும் கூடாது. பதின்மூன்று வருசத்தில் நான் கேட்டதில்லை. அன்று வேலை முடிந்ததும் நேரே ஆசுபத்திரிக்குப் போனேன்.

மகள் வெளியே நின்றாள். நான் யார் என்று சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். இதயக் குழாயில் பெரிய அடைப்பாம், பிளேனில் ஏறியிருந்தால் நடுவானிலேயே முடிந்திருக்கும் என்று டொக்டர் சொன்னாராம். "அக்கா, நீங்கதான் எங்க அம்மாவக் காப்பாத்தினீங்க" என்றாள். அம்மாவின் பேர் கேட்டேன். மாரியாயி.

உள்ளே மாரியாயி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "அம்மா, நான் வட்டக்கச்சி" என்றேன். திரும்பவில்லை.

"நாங்க கும்பிட்டுக் கேட்டா யாரும் செய்யமாட்டாங்கன்னு தெரியும்" என்றார் சுவரைப் பார்த்து. "நம்ம ஊருன்னியே. அதான் ஏமாந்துட்டேன்."

"அம்மா, உங்கட உயிர்..."

"உசுரு இருக்கு. அத வச்சுக்கிட்டு எங்க போய்க் குந்துறது?"

எனக்குக் கோபம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன். உயிரைக் காப்பாற்றிவிட்டு இந்தப் பேச்சும் கேட்க வேண்டுமா என்று காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் மற்றது உறைத்தது. இருபத்திரண்டு வயதுவரை வட்டக்கச்சியில் இருந்த நான் அந்தக் காலனிக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அங்கேயிருந்து ஆட்கள் எங்கள் வயலில் களை பிடுங்க வருவார்கள். கிணற்றடியில் நின்று கையேந்தித் தண்ணீர் குடிப்பார்கள். எங்கள் வீட்டில் அவர்களுக்குத் தேத்தண்ணி குடிக்க ஒரு தகரப் பேணி தனியாக இருந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை "நான் வட்டக்கச்சி" என்றதும் அந்த மனுசி நம்பியது. நானும் அதை வைத்துத்தான் வாயைத் திறக்க வைத்தேன்.

வியாழக்கிழமை ஊரில் இருக்கிற அவருடைய மகன் காணிக் கச்சேரிக்குப் போனானாம். விண்ணப்பகாரி நேரில் வரவேண்டும் என்று திருப்பி அனுப்பி, பேருக்கு எதிரே "சமூகமளிக்கவில்லை" என்று எழுதினார்களாம். இரண்டு மாதத்தின் பின் மாரியாயியை மகள் கொண்டுபோய் ஊரில் விட்டாள். எனக்கு மையத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் தந்தார்கள்.

5

வகுப்பில் அந்தப் பெண் கேள்வி கேட்ட அன்று பின்னேரம் என் மகளுக்கு முழுவதையும் சொன்னேன். அவளுக்குப் பதினெட்டு. நான் தமிழில் சொல்ல அவள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டாள். எங்கள் வீட்டில் கதை இப்போது இப்படித்தான் நடக்கிறது.

"நீங்கள் உங்கள் வேலையைச் செய்தீர்கள். அவர் உயிரோடு இருக்கிறார். இதில் எங்கே பிரச்சினை?" என்றாள்.

"சொல்லமாட்டன் எண்டு சொன்னனான், பிள்ளை."

"எழுதிக் கொடுத்தீர்களா?"

அவளோடு கோபித்துப் பயனில்லை. அவள் வளர்ந்த இடத்தில் எழுதாதது நடக்காதது. ஆனால் அந்தக் கேள்வி மனதில் நின்றுவிட்டது. மாரியாயிக்கு வேண்டியதும் ஓர் எழுத்துத்தான். அவர் சும்மா வராமல் விடவில்லை, விமான நிலையத்தில் மறித்துவிட்டார்கள் என்று ஒரு கடிதம்.

மையத்தில் கேட்டேன். சட்டப்பிரிவுக்கு ஒரு படிவம், தனியுரிமைப் பிரிவுக்கு ஒரு படிவம், பிறகு சட்டப்பிரிவுக்கே இன்னொரு படிவம். ஐந்து கிழமை கழித்துப் பதில் வந்தது. பயணியைப் பற்றிய எந்த விவரமும் வெளியே கொடுக்க முடியாது. பயணியே நேரில் வந்து எழுத்தில் கேட்டால் பரிசீலிக்கலாம். இங்கேயும் நேரில் வரட்டுமாம். பரவாயில்லை, உலகம் முழுக்க ஒரே கந்தோர்தான்.

கடிதம் வராவிட்டால் ஆள் போகலாம்தானே. லீவு போட்டேன். வெளியே வாய் திறந்தால் வேலைக்கு ஆபத்து என்று தெரியும். இப்போது எழுதியும் விட்டேன்.

6

அக்காவோடு ஓட்டோவில் போனேன். காணிப்பத்திரம் இல்லாததால் வீட்டுத்திட்டமும் மாரியாயிக்குக் கிடைக்கவில்லை. தகரம் அடித்த கொட்டில். முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார். நான் கண்டது ஒரு ஏக்கர் இருக்கும். நாற்பது தென்னை, ஒரு கிணறு, கத்தரி, பயிற்றங்காய்ப் பந்தல். கிணற்றைப் புருசனும் அவருமாக வெட்டினார்களாம்.

"வாங்க, உக்காருங்க" என்றார். தேத்தண்ணி தந்தார். ஆசுபத்திரி பற்றிக் கதைக்கவில்லை. வந்த காரியத்தைச் சொன்னேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

சமாதான நீதவான் ஒருவரிடம், நடந்தது உண்மை என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனோம். காணிப்பகுதியில் முப்பது வயதுத் தம்பி ஒருவர் இருந்தார். நல்ல மரியாதை. கடதாசியை வாசித்தார்.

"நீங்கள் இவவுக்கு என்ன முறை, அக்கா?"

நான் வாய் திறக்க முன்னம் மாரியாயி சொன்னார்: "மொற ஒண்ணும் இல்லீங்க ஐயா. என்னைய ஏர்போட்டுல புடிச்சுக் குடுத்தது இந்தப் புள்ளதான்."

அவர் என்னைப் பார்த்தார். "ஓம், நான்தான்" என்றேன்.

நடந்ததைக் கேட்டுக் கேட்டு ஒரு படிவத்தில் எழுதினார். நோய், விமானம், ஆசுபத்திரி, திகதி. நான் ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்த இடத்துக்கு வந்தேன். சொல்லமாட்டன் என்று வாக்குத் தந்துவிட்டுச் சொன்னனான் என்றேன். பேனை நின்றது.

"அது தேவையில்லை, அக்கா. சமூகமளிக்காத காரணம்தான் இதில வரவேணும்."

"அதுதான் தம்பி காரணம். அவா தன்ர விருப்பத்தில வராமல் நிக்கேல்லை. என்னை நம்பினதாலதான் நிண்டவா. எழுதுங்கோ."

"அதுக்கு இதில இடமில்லை."

"எழுதுங்க ஐயா" என்றார் மாரியாயி. விரலால் படிவத்தைத் தொட்டுக் காட்டினார். "அத எழுதுங்க."

தம்பி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பிப் பிடித்து, ஓரத்தில், சின்ன எழுத்தில் எழுதினார். வாசித்துக் காட்டினார். நான் கையெழுத்து வைத்தேன். மாரியாயி பெருவிரலை மையில் தொட்டு அழுத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பதின்மூன்று வருசமாக அழாமல் இருக்கப் பழக்கிய வேலை, அந்தக் கந்தோரில் உதவவில்லை. மாரியாயி ஓட்டோவுக்குள் எனக்கு இடம்விட்டுத் தள்ளி இருந்தார், அவ்வளவுதான்.

அடுத்த கச்சேரியில் பேரைச் சேர்க்கப் பார்க்கலாம் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. நான் திரும்பி வந்தேன்.

7

நாலு மாதம் ஒரு செய்தியும் இல்லை. அக்காவைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும்?" என்பா. போன ஞாயிற்றுக்கிழமை அவவே எடுத்தா. மழை, நெல்லு விலை, யானை வந்து வேலியை முறித்தது, எல்லாம் சொன்னா. வைக்கப் போகிற நேரத்தில் கொஞ்சம் இழுத்தா.

"மாரியாயிக்குக் காணிப் பெர்மிட் குடுத்திட்டாங்களடி. அவான்ர பேரிலயே. போன மாசமே குடுத்தது."

"போன மாசமோ? பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"உனக்குச் சொல்ல வேண்டாமெண்டவா. நானும் சொல்லமாட்டன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

"ஏனாம்?"

அக்கா மாரியாயியின் பேச்சிலேயே சொன்னா: "தெரிஞ்சா அந்தப் புள்ளைக்கு மனசு ஆறிரும். கொஞ்ச நாளைக்குக் கெடக்கட்டும்."